விலா எலும்பு மென்மையாக வேண்டுமா? சூட்டைக் குறையுங்கள்

(வெளிநாட்டு விருந்துகளை நம் வீட்டு அடுப்பில் செய்ய முடியுமா, முடியாதா என்பது குறித்து நடந்த தொலைக்காட்சிக் கருத்துமன்றத்தில் ‘முடியும்’ அணியின் இரண்டாம் பேச்சாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன் பேசிய எதிரணிச் சகோதரி ஒரு சவாலை விட்டுவிட்டுப் போய் அமர்ந்திருக்கிறார். “பீட்சா செய்யலாம், கேக் செய்யலாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உணவகத்தில் கிடைக்கும் அந்த பார்பிக்யூ பன்றி விலா எலும்பை, கடித்தவுடன் கழன்று வருகிற பதத்தில், வீவக வீட்டு ஓவனில் செய்து காட்ட முடியுமா?” என்று கேட்டார். கைதட்டலும் வாங்கினார். தம் வீட்டில் இரண்டு முறை செய்ததாகவும் இரண்டு முறையும் செருப்புத் தோலைப்போல் வந்ததாகவும் சொன்னார். எனக்குக் கொடுக்கப்பட்ட நேரம் முழுவதையும் இந்த ஒரு கேள்விக்கே செலவிடப் போகிறேன். இது முடியும் என்று காட்டிவிட்டால் மற்றவை தானாக முடியும் என்பது என் கணக்கு.

அதற்கு முன் ஒரு வார்த்தை. பன்றி இறைச்சி உண்ணாத நேயர்கள் பலர் இதைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். நீங்கள் நிலையத்தை மாற்ற வேண்டாம். நான் சொல்லப்போகும் முறை ஆட்டு விலாவுக்கும் மாட்டு விலாவுக்கும் பொருந்தும். மாட்டு விலாவுக்கு நேரம் மட்டும் கூடும். அதேபோல், பன்றி சமைக்கும் வீட்டுக்காரர்களுக்கும் ஒன்று. உங்கள் வீட்டுக்கு முஸ்லிம் நண்பர்கள் வருகிறார்கள் என்றால், இந்த ஓவனில் அவர்களுக்கென்று கோழியைத் தனியாகச் சுட்டுக் கொடுத்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். அவர்களுக்கு ஹலால் கடையிலிருந்து வாங்கி வையுங்கள், தட்டும் புதிதாக இருக்கட்டும். நம் ஊரில் விருந்து என்றால் இதையும் சேர்த்துத்தான்.

சரி, சவாலுக்கு வருகிறேன். சகோதரி எங்கே தடுமாறினார் என்பதை அவர் பேச்சிலேயே கண்டுபிடித்துவிட்டேன். “ஓவனை 220 டிகிரியில் வைத்து முக்கால் மணி நேரம் நன்றாகச் சுட்டேன்” என்றார். பார்பிக்யூ என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா. குழியில் கரியைக் கொட்டி, தீ கனன்று வந்ததும் கம்பிமேல் கோழி இறக்கை, சொசேஜ், சாத்தே என்று வரிசையாகப் போடுகிறோம். பத்து நிமிடம், இருபது நிமிடம், முடிந்தது. அது நேரடித் தீயில் வாட்டுவது. கோழி இறக்கைக்கு அது சரி. விலா எலும்பை அதில் போட்டால் வெளியே கரியும் உள்ளே ரப்பரும்தான் மிஞ்சும்.

இந்த உணவு பிறந்த அமெரிக்காவில் பார்பிக்யூ என்றால் வேறு. அங்கே தென் மாநிலங்களில், விலை குறைந்த, கெட்டியான இறைச்சித் துண்டுகளை விறகுப் புகையில் மணிக்கணக்காக வைத்து இளக்குகிற வேலைக்குத்தான் அந்தப் பெயர். அந்தக் கலையை வளர்த்தவர்களில் பெரும்பங்கு கறுப்பினச் சமையல்காரர்களுடையது. கான்சஸ் சிட்டி நகரில் ஹென்றி பெர்ரி என்பவர் 1908-ல் புகையில் வெந்த இறைச்சியை விற்கத் தொடங்கினார். அந்த நகரத்தின் பார்பிக்யூவுக்குத் தந்தை என்று இன்றும் அவரைத்தான் சொல்கிறார்கள். மெம்ஃபிஸ் நகரில் 1948-ல் தொடங்கிய ரெண்டெவூ என்ற உணவகம், சாஸ் தடவாமல் மசாலாத் தூளை மட்டும் தூவிக் கொடுக்கும் விலா எலும்புக்குப் பேர்போனது. நாம் உணவகத்தில் சாப்பிடும் கெட்டியான, இனிப்பான, தக்காளி சேர்ந்த சாஸ் கான்சஸ் சிட்டி பாணி. அதைக் கடை அலமாரிகளுக்குக் கொண்டுபோய்ப் புகழ்பெறச் செய்தவர் ரிச் டேவிஸ் என்ற குழந்தைகள் மனநல மருத்துவர். பிள்ளைகளின் மனத்தையும் நாக்கையும் சேர்த்துப் படித்திருக்கிறார் போலும்!

அங்கே பலரும் வைக்கும் சூடு எவ்வளவு தெரியுமா? ஏறத்தாழ 107 முதல் 121 டிகிரி செல்சியஸ். தண்ணீர் கொதிக்கும் சூட்டைவிடக் கொஞ்சம்தான் அதிகம். நேரம் ஐந்து மணி, ஆறு மணி. ஆக, மென்மையைக் கொடுப்பது தீயில்லை. குறைந்த சூட்டில் நீண்ட நேரம். குறைந்த சூட்டை ஒரே அளவில் பல மணி நேரம் வைத்திருக்க அவர்கள் இரவெல்லாம் விறகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். நம் வீட்டு ஓவன் இந்த ஒரு வேலைக்கென்றே செய்யப்பட்ட பெட்டி. குமிழைத் திருப்பிவிட்டால் அது பார்த்துக்கொள்கிறது. எதிரணி இதைத்தான் கவனிக்கவில்லை.

ஏன் அவ்வளவு நேரம் என்று கேட்பீர்கள். ஆட்டுக்கால் சூப் வைத்து, மீந்ததைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கிறோம். மறுநாள் திறந்தால் கட்டியாக, தளதளவென்று இருக்கிறது இல்லையா? அதுதான் விடை. எலும்பை ஒட்டிய இறைச்சியில் கொலாஜன் என்ற நார்ப்பொருள் நிறைய இருக்கிறது. பச்சையாக இருக்கும்போது அது கயிறு. நீண்ட நேரச் சூட்டில் அது கரைந்து ஜெலட்டின் ஆகிறது. அந்த ஜெலட்டின்தான் வாயில் வழவழவென்று, எண்ணெய் இல்லாமலேயே எண்ணெய் தடவியதுபோல் இருப்பது. கயிறு கரைய இறைச்சியின் உள்சூடு 70 டிகிரியைத் தாண்ட வேண்டும். தாண்டிய பிறகும் உடனே கரையாது, மெல்ல மெல்லத்தான் கரையும். 90-லிருந்து 95 டிகிரிக்குள் வந்து சற்று நேரம் நின்றால்தான் விலா எலும்பு பதமாகும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். பன்றி இறைச்சி பாதுகாப்பாக வேக எவ்வளவு சூடு வேண்டும் என்று பார்த்தால், அமெரிக்க வேளாண் துறை 2011-ல் முழுத்துண்டு இறைச்சிக்கு 63 டிகிரி உள்சூடும் அதன்பின் மூன்று நிமிட ஓய்வும் போதும் என்று அறிவித்தது. அதற்கு முன் 71 என்று இருந்தது. இதைப் படித்துவிட்டுச் சிலர் விலா எலும்பையும் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அது உடம்புக்குக் கெடுதல் செய்யாது, ஆனால் மெல்ல முடியாது. வெந்தது வேறு, இளகியது வேறு.

இன்னொன்று. முதல் ஒரு மணி நேரத்தில் இறைச்சி பச்சையாக இருந்ததைவிடக் கெட்டியாகத்தான் இருக்கும். சதை சுருங்கித் தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளியிருக்கும். கயிறு இன்னும் கரையத் தொடங்கியிருக்காது. இந்த நேரத்தில் திறந்து ஒரு துண்டைக் கிள்ளிப் பார்ப்பவர்கள்தான் “ஐயோ, அதிகமாக வெந்துவிட்டதே” என்று பதறி வெளியே எடுக்கிறார்கள். அதிகமாக வேகவில்லை, போதுமான நேரம் வேகவில்லை. சகோதரிக்கும் அதுதான் நடந்திருக்க வேண்டும்.

இனிக் கடைக்குப் போவோம். விலா எலும்பில் முக்கியமாக இரண்டு வகை. முதுகெலும்பை ஒட்டிய மேல்பகுதி ஒன்று. அளவில் சிறியது, வளைந்தது, சதை மென்மை. ‘பேபி பேக்’ என்கிறார்களே, அது இதுதான். குட்டிப் பன்றியின் எலும்பு என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை, அளவு சிறிது என்பதால் வந்த பெயர். இன்னொன்று வயிற்றுப் பக்கத்து விலா. நீளம், கொழுப்பு அதிகம், விலை குறைவு, சுவை அதிகம் என்பது என் கருத்து. முதல்முறை செய்பவர்கள் முதுகுப் பக்கத்து விலாவை வாங்குங்கள், சீக்கிரம் பதமாகும். பேரங்காடியில் ஆஸ்திரேலியாவிலிருந்து வரும் குளிரூட்டிய இறைச்சியும் கிடைக்கும், பிரேசிலிலிருந்து வரும் உறைந்த இறைச்சியும் கிடைக்கும். உறைந்ததை வாங்கினால் ஒரு பகலும் இரவும் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து உருகவிடுங்கள். குழாய்க்கடியில் வைத்து அவசரப்படுத்த வேண்டாம்.

ஈரச்சந்தையில் வாங்குகிறவர்கள் ஒன்றில் கவனமாக இருக்க வேண்டும். அங்கே விலா எலும்பு என்றாலே சூப்புக்குத்தான் என்று கடைக்காரர் முடிவு செய்துவிடுவார். நீங்கள் வாய் திறக்குமுன் கத்தி இறங்கிவிடும். “அங்கிள், டோன்ட் சாப், ஹோல் பீஸ் லா!” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பத்துப் பன்னிரண்டு எலும்பு சேர்ந்த முழுப் பலகையாக வாங்க வேண்டும். ஒரு பலகை ஏறத்தாழ ஒரு கிலோ இருக்கும். பெரியவர்கள் இரண்டு பேர் தாராளமாகச் சாப்பிடலாம், சோறு கறியோடு என்றால் நான்கு பேர்.

வீட்டுக்கு வந்ததும் பலகையைத் திருப்புங்கள். உட்பக்கம் எலும்புமேல் ஒரு வெள்ளைச் சவ்வு படர்ந்திருக்கும். அது எவ்வளவு நேரம் வைத்தாலும் கரையாது. மசாலாவையும் உள்ளே விடாது. ஓர் ஓரத்தில் கரண்டிக் காம்பை நுழைத்துக் கொஞ்சம் கிளப்பி, சமையலறைக் காகிதத்தால் பிடித்து இழுத்தால் ஒரே இழுப்பில் உரிந்து வரும். வெறுங்கையால் பிடித்தால் வழுக்கும். பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிற வேலை இது. செய்ய இரண்டு நிமிடம்கூட ஆகாது.

மசாலாவில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். ஒரு கிலோ பலகைக்கு உப்பு இரண்டு தேக்கரண்டி, பழுப்புச் சீனி இரண்டு மேசைக்கரண்டி, காரம் குறைந்த மிளகாய்த்தூள் ஒரு மேசைக்கரண்டி, மிளகுத்தூள் ஒரு தேக்கரண்டி, வறுத்துப் பொடித்த சீரகம் ஒரு தேக்கரண்டி, பூண்டுத்தூளும் கடுகுத்தூளும் ஆளுக்கு ஒரு தேக்கரண்டி. இவ்வளவுதான். கை பரபரத்து இறைச்சி மசாலாப் பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள். பட்டை, சோம்பு, கிராம்பு, மஞ்சள் எல்லாம் சேர்ந்தால் அது பன்றிப் பிரட்டல். பிரட்டல் அருமையான உணவு, நான் அதற்கு எதிரியில்லை. ஆனால் அதன் தலையில் தக்காளி சாஸை ஊற்றினால் இரண்டும் கெட்டுப்போகும். தூளை இரு பக்கமும் தேய்த்து, மூடி, குளிர்பதனப் பெட்டியில் இரவு முழுவதும் வையுங்கள். நேரமில்லை என்றால் ஒரு மணி நேரமாவது.

மறுநாள் ஓவனை 135 டிகிரியில் சூடாக்குங்கள். அமெரிக்கக்காரர்களைவிடக் கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். நமக்குப் புகை ஏற வேண்டிய தேவை இல்லாததால் அவ்வளவு நேரம் இழுக்க வேண்டாம். காற்றாடி ஓடும் ஓவன் என்றால் 120 போதும். குமிழில் எழுதியிருப்பதை அப்படியே நம்பாதீர்கள். மேசைமேல் வைக்கும் சிறிய ஓவன்களில் இருபது டிகிரிவரை கூடக் குறைய இருப்பதுண்டு. உள்ளே தொங்கவிடும் ஓவன் வெப்பமானி ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் கேக்குக்கும் உதவும்.

சிறிய ஓவனில் முழுப் பலகை நுழையாது. நடுவில் எலும்புகளுக்கு இடையே வெட்டி இரண்டாக்கிக்கொள்ளுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது. தட்டின்மேல் இரண்டு அடுக்கு அலுமினியத் தாளை விரித்து, அதன்மேல் பேக்கிங் தாள் ஒன்று போட்டு, சதைப்பக்கம் மேலாக வைத்து, காற்றுப் போகாமல் நாலு பக்கமும் மடித்து மூடுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம். இறைச்சியே தண்ணீர் விடும். தாள் சூடேறும் கம்பியில் படக்கூடாது என்பதால் ஓவனின் நடுத்தட்டுக்குக் கீழே வையுங்கள். முதுகுப் பக்கத்து விலா என்றால் இரண்டரை மணி நேரம். வயிற்றுப் பக்கத்து விலா என்றால் மூன்று, மூன்றரை. அதுவரை திறக்காதீர்கள். ஒருமுறை ஓவனைத் திறந்தால் உள்ளே இருக்கும் சூடு பெருமளவு வெளியேறிவிடும்.

அந்த இரண்டரை மணி நேரமும் நீங்கள் அடுப்படியில் நிற்க வேண்டியதில்லை. துணி துவைக்கலாம், பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தைப் பார்க்கலாம். எதிரணியின் முதல் பேச்சாளர், “வேலைக்குப் போகிறவர்களுக்கு இதற்கெல்லாம் ஏது நேரம்?” என்றார். கையால் செய்யும் வேலை எல்லாம் சேர்ந்து அரை மணி நேரம்தான் ஐயா. மற்ற நேரமெல்லாம் ஓவனுடையது. இன்னும் ஒரு வசதி: தாளில் வெந்ததை அப்படியே ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட்டால் இரண்டு நாள் இருக்கும். வெள்ளிக்கிழமை இரவு வேகவைத்து, ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி வந்து உட்கார்ந்த பிறகு தாளோடு நன்றாகச் சூடாக்கிச் சாஸ் தடவலாம்.

பதம் பார்ப்பது எப்படி? ஓரத்து எலும்புகளின் நுனியில் சதை ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் பின்வாங்கி எலும்பு வெளியே தெரியும். இரண்டு எலும்புகளுக்கு நடுவே பல்குச்சியைக் குத்தினால் வாழைப்பழத்தில் ஊசி ஏறுவதுபோல் ஏற வேண்டும். தடை இருந்தால் மறுபடி மூடி இன்னும் அரை மணி. கழன்று விழ வேண்டும் என்று நம்மவர்கள் ஆசைப்படுகிறோம். அமெரிக்கப் போட்டிகளில் நடுவர்கள் அப்படி விழுந்தால் மதிப்பெண்ணைக் குறைப்பார்கள். கடித்த இடத்தில் மட்டும் சுத்தமாக வர வேண்டும், மற்றது எலும்பில் நிற்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. நடுவர்கள் வீட்டில் பல்செட்டு வைத்த தாத்தா இல்லை என்று நினைக்கிறேன். உங்கள் வீட்டில் இருந்தால் இன்னும் இருபது நிமிடம் கூடுதலாக வையுங்கள், தவறே இல்லை.

இனிச் சாஸ். தக்காளி சாஸ் ஒரு கோப்பை, துருவிய குலா மலாக்கா மூன்று மேசைக்கரண்டி, கெட்டியான புளிக்கரைசல் இரண்டு மேசைக்கரண்டி, கிச்சாப் ஒரு மேசைக்கரண்டி, பொடியாக அரிந்து வதக்கிய வெங்காயம் பூண்டு, மிளகு, மிளகாய்த்தூள். அமெரிக்கக்காரர்கள் மொலாசஸும் வினிகரும் போடும் இடத்தில் நாம் குலா மலாக்காவும் புளியும் போடுகிறோம். வேலை ஒன்றுதான்: ஒரு கருமையான இனிப்பு, ஒரு புளிப்பு. தாளுக்குள் தேங்கியிருக்கும் சாற்றை ஊற்றி, மேலே மிதக்கும் கொழுப்பை எடுத்துவிட்டு, இரண்டு மூன்று கரண்டி இதில் சேருங்கள். கால் மணி நேரம் சிறுதீயில் கொதித்துக் கரண்டியின் பின்புறம் ஒட்டும் பதம் வந்தால் போதும்.

சாஸை எப்போது தடவுவது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். முதலிலேயே தடவிவிட்டு நேரடிச் சூட்டில் வைத்தால், அதில் இருக்கும் சீனி கருகி இறைச்சி பதமாவதற்குள் கசந்துவிடும். எனவே எல்லாம் வெந்து முடிந்த பிறகு, தாளைத் திறந்து, ஓவனை 220 டிகிரிக்கு ஏற்றி, சாஸை மெல்லியதாகத் தடவி ஐந்து நிமிடம், மறுபடி தடவி ஐந்து நிமிடம், விருப்பமானால் மூன்றாம் முறை. சகோதரி வைத்த அந்த 220 டிகிரிக்கும் இடம் உண்டு, கடைசிப் பத்து நிமிடத்தில். ஓரங்கள் லேசாகக் கறுத்து, சாஸ் குமிழிட்டுப் பளபளக்கும்போது எடுத்துவிடுங்கள். பக்கத்திலேயே நில்லுங்கள், இந்தப் பத்து நிமிடத்தில் மட்டும் தொலைபேசியை எடுக்கக்கூடாது. எடுத்த பிறகு பத்து நிமிடம் அப்படியே இருக்கட்டும். ஆக்கப் பொறுத்தவர்கள் ஆறப் பொறுக்கக்கூடாதா?

“இதற்கு இவ்வளவு பாடுபடுவானேன்? ஒரு மணி நேரம் தண்ணீரில் வேகவைத்துவிட்டு, சாஸ் தடவிச் சுட்டால் போதாதா?” என்று எதிரணி நண்பர் கேட்டார். மென்மையாகும், மறுக்கவில்லை. ஆனால் சுவை எங்கே போனது? பாக் குட் தே கடையில் அதே விலா எலும்பைத்தான் தண்ணீரில் போட்டு வேகவைக்கிறார்கள். அங்கே நாம் முதலில் எதைக் குடிக்கிறோம்? சூப்பை! இறைச்சியின் சாரம் தண்ணீருக்குப் போய்விட்டது, தண்ணீரை நமக்கே கொடுக்கிறார்கள், நியாயம். வீட்டில் வேகவைப்பவர்கள் அந்தத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றிவிட்டு, மிஞ்சியதற்குச் சாஸ் பூசி உட்கார்கிறார்கள். குக்கரில் வைப்பதும் ஏறக்குறைய இதுதான். திடீரென்று விருந்தாளி வந்துவிட்டால் குக்கரை மன்னிக்கலாம். திட்டமிட்டுச் செய்யும்போது வேண்டாம்.

மலேசியத் தோட்டப்புறங்களில் வளர்ந்தவர்கள் இந்த அரங்கில் சிலராவது இருப்பீர்கள். காட்டுப்பன்றிக் கறி சாப்பிட்டிருப்பீர்கள். வீட்டுப் பன்றியைவிடப் பலமடங்கு கெட்டியான இறைச்சி அது. விறகடுப்பில் சட்டியை மூடி, கொள்ளிக் கட்டைகளை வெளியே இழுத்துவிட்டு, தணலில் மணிக்கணக்காகப் போட்டு வைப்பார்கள். கொலாஜன் என்ற சொல்லை யாரும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை. தீயைக் குறைக்கத் தெரிந்திருந்தது. ஆகவே வெளிநாட்டு விருந்து என்று நாம் வாதாடிக்கொண்டிருக்கும் இந்தச் சமையலின் பாதி நம்மிடம் ஏற்கெனவே இருந்ததுதான்.

எதிரணிக்கு ஒன்றை நான் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். புகை. வீட்டு ஓவன் மென்மையைக் கொடுக்கும், விறகுப் புகையின் மணத்தைக் கொடுக்காது. உண்மையான குழியில் வெந்த விலா எலும்பின் மேற்பரப்புக்குக் கீழே இளஞ்சிவப்பாக ஒரு வளையம் இருக்கும். அது நமக்கு வராது. கான்சஸ் சிட்டிக்காரர் ஒருவரிடம் இதை பார்பிக்யூ என்று சொன்னால் சண்டைக்கு வருவார், அவர் வருவதில் நியாயமும் உண்டு. புகையூட்டிய மிளகாய்த்தூள், பாப்ரிக்கா என்ற பெயரில் பேரங்காடியில் கிடைக்கும். மிளகாய்த்தூளில் பாதிக்கு அதைப் போடலாம். ‘லிக்விட் ஸ்மோக்’ என்று புட்டியில் விற்பது விறகுப் புகையைக் குளிரவைத்துப் பிடித்த நீர்தான். சாஸில் கால் தேக்கரண்டி சேர்த்தால் போதும். அதற்கு மேல் போனால் தீயணைப்பு வண்டி வந்துபோன வீடு மாதிரி மணக்கும்.

ஆனால் புகை மணத்துக்கு ஆசைப்பட்டு ஒரு காரியம் செய்யவே கூடாது. கரியை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். சன்னலைச் சாத்திக் குளிர்சாதனத்தைப் போட்டுக்கொண்டு, சமையலறையில் ஒரு சிறிய கரியடுப்பு என்றால்கூட வேண்டாம். எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலை சுற்றுகிறது என்று உணர்வதற்குள் ஆள் சாய்ந்துவிடலாம். மின் ஓவனுக்குள் மரத்தூளைப் போட்டுப் புகைய வைப்பதும் தீ விபத்துக்கு வழி. கரி வேண்டும் என்றால் பூங்காவுக்குப் போங்கள். ஓவனில் வேகவைத்த பலகையைக் குளிர்ப்பெட்டியில் எடுத்துக்கொண்டு போய், அங்கே கடைசிப் பத்து நிமிடம் மட்டும் தணலில் காட்டி, சூடு உள்ளேவரை ஏறியதும் சாஸ் தடவிக்கொள்ளலாம். மென்மை வீட்டிலிருந்து வரும், மணம் பூங்காவிலிருந்து வரும். எனக்குத் தெரிந்து இதைவிடச் சிறந்த வழி இல்லை.

செலவையும் சொல்லிவிடுகிறேன், கேட்டார்கள். மின்சாரம்தான் எல்லாருக்கும் பயம். 135 டிகிரியில் ஓவன் எந்நேரமும் முழுச் சக்தியில் ஓடுவதில்லை. சூடு வந்ததும் நின்று நின்றுதான் ஓடும். மூன்று மணி நேரத்துக்கு மூன்று யூனிட் என்று தாராளமாகவே வைத்தாலும், யூனிட் முப்பது காசு என்றால் ஒரு வெள்ளிகூட ஆகவில்லை. இறைச்சியின் விலை உங்களுக்கே தெரியும். கடைசியாக உணவகத்தில் ஒரு தட்டு விலா எலும்புக்குக் கொடுத்த ரசீதை எடுத்து, சேவைக் கட்டணம், பொருள் சேவை வரி எல்லாம் சேர்த்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

உணவகத்துக்குப் போகக்கூடாது என்று நான் வாதாடவில்லை. எல்லாரும் உடுத்திக்கொண்டு வெளியே போய்ச் சாப்பிடுவதும் ஒரு மகிழ்ச்சிதான். நான் மறுப்பது ‘முடியாது’ என்ற அந்த ஒரு சொல்லை. முடியாது என்று சொல்லிச் சொல்லித்தான் பல வீடுகளில் அந்த ஓவன் இன்று சட்டி அடுக்கும் அலமாரியாக இருக்கிறது. என் சொந்தக்காரர் வீட்டில் திறந்தால் உள்ளே தோசைக்கல் இருந்தது.

மணி அடித்துவிட்டார்கள், அவைத்தலைவரும் என்னைப் பார்க்கிறார். சகோதரி, மூன்றாம் முறை செய்து பாருங்கள்: 135 டிகிரி, இரண்டரை மணி நேரம், இடையில் திறக்காமல். தாளைப் பிரிக்கும்போது மட்டும் முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே அடைபட்ட ஆவி பொல்லாதது.